சம்பந்திமார் பங்காளிகளான கதை

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பார்க்கத் தொடங்கினால் வீட்டில் புல் வெட்ட ஆள் இருக்காது, கூப்பிட்ட நேரத்துக்குச் சாப்பிட வர ஆள் இருக்காது, கடைசியில் பெற்ற பிள்ளையின் கல்யாணமே நின்றுபோகப் பார்க்கும். நான் எங்கேயோ கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. சிட்னியில், கிரவீனில் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

இவர், அதாவது என் கணவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மகன் ஒரு பரிசு கொடுத்தான். முன்னோர்களைத் தேடித் தரும் ஓர் இணையத்தளத்துக்கு ஒரு வருடச் சந்தா. அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்தானாம். ஒரு தூண்டிலை வாங்கிக் கொடுத்திருந்தால் நாலு மீனாவது வீட்டுக்கு வந்திருக்கும்.

எங்கள் குடும்பப் பெயர் சுத்தமான வெள்ளைக்காரப் பெயர். டாக்டரிடம் போனால் அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, எழுந்து நிற்கிற என்னைத் தாண்டி வேறு யாரையோ தேடுவார்கள். அது எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் மாமனார் இருந்த காலத்தில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் பள்ளிக்கூடம் நடத்திய காலம். சோற்றுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளை விடுதியில் சேர்த்துப் படிப்பிப்பார்கள். அமெரிக்காவில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்வார். அவருடைய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். "எங்கட ஆள் சோத்துக்குப் போய்ப் பேரோட வந்தவர்" என்று சொல்லிவிட்டு மாமனார் தன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்வார். அடுத்த தலைமுறையிலேயே திரும்பவும் திருநீறு பூசி முருகனிடம் வந்தாயிற்று. பெயரை மட்டும் விடவில்லை. வெள்ளைக்காரப் பெயருக்கு உத்தியோகம் சுலபமாகக் கிடைத்த காலம் அது.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் அந்தப் பெயரை இணையத்தளத்தில் தட்டினார். தட்டியதும் அமெரிக்கா வந்து கொட்டியது. அந்தப் பெயரில் ஒரு விவசாயி, அவருடைய தகப்பன் ஒரு தச்சர், அவருடைய தகப்பன் ஒரு போதகர். இப்படியே தகப்பன் தகப்பனாக ஏறிப் போய், அமெரிக்காவில் முதன்முதலாகக் குடியேறியவர்களோடு பாய்க்கப்பலில் வந்திறங்கிய ஒருவரில் போய் நின்றது. வெள்ளைக்காரன் ஆடு செத்தாலும் எழுதி வைத்திருக்கிறான்.

எங்கள் பக்கத்தில், சோற்றுக்குப் போன அந்தப் பிள்ளை வரைதான் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் அமெரிக்க விவசாயிக்கும் நடுவில் ஒரு கடல் கிடந்தது. இவர் கடலுக்கு மேலே ஒரு புள்ளிக்கோடு போட்டார்.

"இதென்ன புள்ளி?" என்று கேட்டேன்.

"இருக்கலாம் எண்டு அர்த்தம். அந்த விவசாயியின்ரை மகன் ஆராவது கப்பலேறி இலங்கைக்கு வந்திருக்கலாம். வந்த இடத்தில…"

"வந்த இடத்தில?"

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உமக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் விளங்காது" என்றார். அடுத்த முறை நான் தேநீர் கொண்டுபோனபோது புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நேர்கோடாகியிருந்தன.

அதற்குப் பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. இவருக்குச் சோளம் பிடிப்பது ஏன் என்று தெரிந்துவிட்டது. பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. நான் அதை மாமியார் வழி என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். நவம்பரில் ஒரு வான்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து, நன்றி செலுத்தும் நாள் கொண்டாட வேண்டும் என்றார். யாருக்கு நன்றி, வெட்டிக் கழுவிச் சமைக்கிற எனக்கா என்று கேட்டுவிட்டு, யாழ்ப்பாணத்துக் கறித்தூளைப் போட்டுப் பிரட்டி வைத்தேன். மூக்கால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டுவிட்டு, "எங்கட முன்னோர் இப்பிடித்தான் சாப்பிட்டிருப்பினம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது எதற்கென்றால், கப்பல் கதைக்கு. படகில் வந்து தற்காலிக விசாவில் கிடந்து அல்லாடுகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "நாங்கள் முறையா விண்ணப்பிச்சு பிளேனில வந்தனாங்கள்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வாய் இது. அதே வாய் இப்போது பென்டில் ஹில் தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்களிடம், "எங்கட ஆக்கள் கப்பலில வந்து குடியேறின ஆக்கள்" என்று சொல்லித் திரிந்தது. அவர்களுக்கு யார் விசா கொடுத்தது என்று நான் கேட்டேன். இவருக்கு அன்று காது கேட்கவில்லை. மகன் தன் பங்குக்கு, "அப்பா, செட்லர்ஸ் எண்டு இந்த நாட்டில சத்தமாச் சொல்லாதேங்கோ. ஆதிக்குடிகளின்ரை நிலத்தைப் பறிச்ச ஆக்களைத்தான் இஞ்ச அப்பிடிச் சொல்லுறது. தட்ஸ் நொட் எ ஃப்ளெக்ஸ், பெருமை இல்லை" என்றான். அதுவும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மகன் ஒரு பிள்ளையை விரும்பியிருப்பதாகச் சொன்னான். நல்ல பிள்ளை. வாய் நிறைய "அன்ரி" என்று கூப்பிட்டு, வந்த அன்றே குசினிக்குள் வந்து என்னோடு நின்று வெங்காயம் உரித்தது. பிள்ளையின் குடும்பப் பெயரும் எங்கள் குடும்பப் பெயரும் ஒன்று. இதில் யாரும் மலைக்கவில்லை. அந்த அமெரிக்கப் புண்ணியவானின் பெயரை இரண்டு ஊரில் இரண்டு பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் அப்படிப் பல குடும்பம் இருக்கிறது. "கலியாணம் முடிஞ்சு பேர் மாத்துற அலைச்சல் இல்லை" என்று பிள்ளையின் தாய் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களுக்கு வாய்த்தவர்களை மறந்துவிட்டுச் சிரித்தோம்.

பொன்னுருக்குக்கு நாள் குறிக்கப் பெண் வீட்டில் கூடினோம். தாலிக்குப் பொன் உருக்குவது எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் பாதி. பிள்ளையின் மாமி, அதாவது தகப்பனின் அக்கா, இதற்கென்றே மெல்பேர்னிலிருந்து வந்திருந்தார். தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். கணக்காளராகப் பெரிய அலுவலகம் வைத்து எத்தனையோ பேரை ஆட்டிவைக்கிற சம்பந்தி, அக்கா செருமினால் எழுந்து நிற்பார். பிள்ளைக்கும் மாமி என்றால் உயிர்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. தேநீரோடு கடிக்கப் பற்றிஸ் வந்தது, ரோல்ஸ் வந்தது. இவர் காருக்குள்ளிருந்து ஒரு நீளமான உருளையைக் கொண்டுவந்தார். எனக்குத் தெரியாமல் அச்சகத்தில் கொடுத்து வம்ச விருட்சத்தை அடித்து வைத்திருக்கிறார். அது சாப்பாட்டு மேசையை மூடிக் கீழேயும் தொங்கியது. உச்சியில் பாய்க்கப்பல் படம்.

சம்பந்தி குனிந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. "எங்கட பேரும் இதுதானே! அப்ப நாங்களும் இந்த வழிதானே!" என்றார்.

இவருக்கு அந்த ஒரு சொல் போதும். பேனையை எடுத்து அந்த இடத்திலேயே ஒரு கிளை கீறினார். இலங்கைக்கு வந்ததாக இவரே பிறப்பித்த அந்த அமெரிக்கனுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். மூத்தவன் வழி நாங்கள். இளையவன் வழி அவர்கள். இரண்டு ஆண்களும் எழுந்து கட்டிப் பிடித்தார்கள். "பங்காளி!" என்றார் ஒருவர். "பங்காளி!" என்றார் மற்றவர்.

மாமி பற்றிஸைத் தட்டில் வைத்தார்.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் ஒரு தகப்பன் வழி" என்றார்.

"ஓம் அக்கா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"பங்காளியின்ரை பொடியன், பங்காளியின்ரை பெட்டை. அப்ப ரெண்டும் அண்ணனும் தங்கச்சியும். இதென்ன கலியாணமடா பேசுறியள்?"

மகனும் அந்தப் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் இருவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. மாமியின் முகத்தைப் பார்த்ததும் பிள்ளையின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அக்கா, அது அஞ்சாறு தலைமுறைக்கு முந்தின கதை" என்று சம்பந்தி தொடங்கினார்.

"நூறு தலைமுறை போனாலும் பங்காளி பங்காளிதான். மாமன் மச்சான் முறையில செய்யலாம். அண்ணன் தங்கச்சிக்கு ஆர் தாலி கட்டுறது? நான் பொன்னுருக்குக்கும் வரமாட்டன், கலியாணத்துக்கும் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு மாமி அன்றைக்கே விமானம் ஏறிவிட்டார். மாமி இல்லாமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று பிள்ளை அழுதது. அக்காவை எதிர்த்து எதுவும் செய்ய மாட்டேன் என்று சம்பந்தி கைவிரித்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிவிட்டு, குத்துது குடையுது என்றால் யார் என்ன செய்ய முடியும்?

வழி ஒன்றுதான் இருந்தது. பள்ளிக்கூடக் கதை மாமிக்கும் தெரியும், ஆனால் ஆண்கள் தங்கள் வாயால் ஒப்புக்கொண்ட முறையை அவர்களே வாயால் திரும்ப எடுக்க வேண்டும். இரண்டு வீட்டில் ஒரு வீட்டார் மாமியிடம் போய், எங்களுடையது அமெரிக்க இரத்தம் இல்லை, பள்ளிக்கூடத்தில் சோற்றோடு கிடைத்த பெயர் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பங்காளி முறை போய்விடும், கல்யாணம் நடக்கும். ஆனால் யார் சொல்வது? சம்பந்தி இதற்குள் ஊர்ச் சங்கத்தில் கப்பல் கதையைப் பரப்பிவிட்டார். இரண்டு ஆண்களும் தொலைபேசியில் மோதிக்கொண்டார்கள்.

"உங்கடதுதான் பள்ளிக்கூடப் பேர், எங்கடது உண்மையான வழி எண்டு நீங்களே அவவுக்குச் சொல்லுங்கோவன்" என்றார் இவர்.

"விருட்சத்தைக் கொண்டுவந்தது ஆர்? நீங்கள் இறங்குங்கோ" என்றார் அவர்.

மகன் சாப்பாட்டைக் குறைத்தான். பேச்சையும் குறைத்தான். எச்சிலைப் பரிசோதித்தால் இரண்டு குடும்பத்திலும் அமெரிக்கா இல்லை என்று தெரிந்துவிடும், செய்வோமா என்று தகப்பனைக் கேட்டான். "துப்பலில என்னடா சரித்திரம் இருக்கு?" என்று மனிதர் எழுந்து போய்விட்டார்.

நான் மேய்ஸ் ஹில் முருகனிடம் போனேன். மகன் பேரில் அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். கோத்திரம் கேட்டார், முழித்தேன். "தெரியலைன்னா சிவகோத்திரம்னு சொல்லிக்கலாம்மா" என்றார். இவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தேடியதை ஐயர் ஒரு நொடியில் முடித்து, சிவபெருமானையே எங்களுக்குத் தகப்பன் வழியாக்கிவிட்டார், சந்தா கூட இல்லை. நல்ல காலம் மாமி பக்கத்தில் இல்லை. சம்பந்தி வீட்டுக்கும் ஐயர் அதே கோத்திரத்தைத்தான் கொடுத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தபோது இவர் திரும்பவும் கணினிக்கு முன்னால் இருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இஞ்சருங்கோ, என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை விட அந்தச் செத்துப்போன வெள்ளைக்காரன் உங்களுக்குப் பெரிசோ? விசரே உங்களுக்கு?"

இவர் திரும்பவில்லை. "அந்த அமெரிக்கனைத் தூக்கி எறிஞ்சா, அடுத்ததா அந்த மெல்பேர்ன் மனிசி என்ன கேக்கும் எண்டு உமக்குத் தெரியும்தானே?" என்றார்.

தெரியும். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். சிட்னிக்கு வந்தாலும் செவ்வாய்க்குப் போனாலும் எங்கள் ஆட்கள் கேட்பார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். ஊரில் எவடம், எந்த இடம் என்று தொடங்குவார்கள். கோயிலுக்கு எந்தப் பக்கம், குளத்துக்கு எந்தப் பக்கம், யாருடைய ஆட்கள் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, சாதியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தேநீரைக் குடிப்பார்கள். சோற்றுக்கு வழியில்லாமல் மிஷனுக்குப் போன பிள்ளையின் தகப்பன் யார், என்ன ஆள் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் இவர் சின்ன வயதிலிருந்தே அந்தக் கேள்விக்கு முன்னால் தலையைக் குனிந்து குனிந்து வந்திருக்கிறார். அமெரிக்கனிடம் யாரும் எவடம் என்று கேட்க மாட்டார்கள். அவனுக்குச் சாதி இல்லை, கப்பல் மட்டும்தான் இருக்கிறது.

இத்தனை காலம் கூட வாழ்ந்தும் இது எனக்கு அன்றுதான் உறைத்தது. கோபம் போகவில்லை, ஆனால் சத்தம் போட முடியவில்லை. பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கேட்டா கேக்கட்டும். நான் பக்கத்தில இருக்கிறன்" என்றேன்.

சனிக்கிழமை மெல்பேர்னுக்குப் போனோம். சம்பந்தியும் வந்தார். வாய் திறக்க அல்ல, அக்காவுக்குப் பயந்து. ஸ்பிரிங்வேல் சந்தையில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிக்கொண்டோம். வெறும் கையோடு போய் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மாமி கதவைத் திறந்து, "வாங்கோ, இருங்கோ" என்றார். மாம்பழத்தைப் பார்த்தும் முகம் இளகவில்லை.

இவர் கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, நாங்கள் அமெரிக்கன்ரை வழி இல்லை. அந்தக் கோடு நான் போட்டது. எங்கட ஆள் சோத்துக்கு மிஷனுக்குப் போன பிள்ளை. பேர் அங்க குடுத்தது. கலியாணத்தைச் செய்து வையுங்கோ."

இவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நான் அமெரிக்கனைத் தேட எண்டு தொடங்கேல்லை, அக்கா. அந்தப் பிள்ளையை மிஷன் வாசல் வரைக்கும் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போன ஒரு தகப்பன் இருந்திருப்பான்தானே? அவன்ரை பேரைத்தான் முதல்ல தேடினனான். எவ்வளவோ தேடினன். ஒரு இடத்திலயும் இல்லை. காசு அனுப்பின வெள்ளைக்காரனுக்குக் கப்பல் வரைக்கும் வம்சம் தெரியுது. எங்கட மனிசனுக்கு ஒரு பேர் கூட இல்லை. அந்த ஆத்திரத்தில கிடைச்சவனைத் தகப்பன் எண்டு எடுத்துப்போட்டன்."

இவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. என் கையை இவர் முழங்கையில் வைத்தேன்.

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நீங்கள் ஊரில…" என்று தொடங்கினார். வந்துவிட்டது என்று நான் பல்லைக் கடித்தேன்.

"அக்கா, கேளாதேங்கோ" என்றார் சம்பந்தி. அக்காவுக்கு முன்னால் அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. "அவரைக் கேட்டா என்னையும் கேக்கவேணும். எங்கட ஆளும் சோத்துக்குத்தானே போனது. எங்கட மனிசன் ஆர் எண்டு எங்களுக்கு மட்டும் தெரியுமே?"

மாமி தம்பியைப் பார்த்தார். ஆயுள் முழுக்க எல்லாரையும் கேட்ட கேள்வியை அவர் விழுங்கியதை நான் என் கண்ணால் கண்டேன். பிறகு அவர் கேட்டது வேறு. குரல் தாழ்ந்திருந்தது.

"பேர் மிஷனில வைச்சது எண்டால், அதுக்கு முந்தி தாய் தகப்பன் அந்தப் பிள்ளையை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பினம்?"

இவ்வளவு தேடிய மனிதருக்கு அதைத் தேடத் தோன்றவே இல்லை.

"தெரியாது அக்கா" என்றார் இவர்.

"எங்கட பிள்ளையின்ரை பேரும் தெரியாது" என்றார் சம்பந்தி.

மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு எழுந்தார். "பேர் தெரியாத தகப்பன்மாருக்கு நான் என்னத்தை முறை பாக்கிறது? பொன்னுருக்கு எண்டைக்கு?" என்றார்.

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வருகிற மாதம், வளர்பிறையில் என்று நான்தான் சொன்னேன்.